குண்டூசி கவ்விய வாய்

கொட்டாஞ்சேனையிலிருந்து கறுவாத்தோட்டம்:
டிராமில் பாதி, காலில் பாதி.
கூடையில் அளவு நாடா, சாக்குக்கட்டி,
ஓரம் மடிக்காத கவுண்.
ஐரீன் மிஸ்ஸி முக்காலிமேல் ஏறி நிற்பாள்.
கீழே நான் முழந்தாளில்.
அந்தோனியார் முன்னால்கூட
அத்தனை நேரம் நின்றதில்லை.

இருபத்தைந்தில் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே.
அடுத்த வருஷம் கெண்டைக்கால்.
இருபத்தேழில் முழங்கால்
தானே வெளியே வந்து
லண்டனில் என்ன நடக்கிறது என்று விசாரித்தது.
துணி குறையக் குறைய மணி கூடியது.
ஆயிரத்து இருநூறு கண்ணாடி மணி,
மணிக்கொரு முடிச்சு.
கூலி மட்டும் பழைய அளவில்.
"துணி மிச்சம்தானே" என்பார் மிஸிஸ் தம்பிநாயகம்.

காலிமுக ஹோட்டலுக்குள் நான் போனதில்லை.
ஆட்டம் தெரியும்.
திங்கட்கிழமை திரும்பிவரும் கவுணில்
கக்கம் பிரிந்திருந்தால் சார்ள்ஸ்டன்.
இடுப்பில் வியர்வை காய்ந்திருந்தால்
விளக்கைக் குறைத்து வாசித்த ஏதோ ஒன்று.
ஒரு தடவை முதுகில் ஐந்து விரல்,
பித்தளைக் களிம்பின் பச்சையில்.
சாக்ஸபோன்காரன், அந்தப் பறங்கிப் பொடியன்
வான் கைசல்.
வினாகிரி தொட்டுத் துடைத்தேன்.
தேய்த்து மடித்துக் கொடுத்தேன்.

கமிஷன் துரைமார் கப்பலில் வந்திறங்கிய மாதம்
வீடெல்லாம் கடுதாசி, தேநீர், வாக்குவாதம்.
"படிச்ச பெண்டுகளுக்கு மட்டும் வோட்டு எண்டுதான்
நாங்கள் கேக்கிறம்.
உங்கட ஆக்களுக்கும் குடுத்தா
ஒரு சீத்தைத் துண்டுக்கு வித்துப்போடுவினம்.
என்ன, செலஸ்தீன்?"

என் வாயில் பதினாலு குண்டூசி.
"ம்" என்றேன்.
அதில் எது வேண்டுமோ
அதை அவர் எடுத்துக்கொண்டார்.

இருபத்தொன்பது தை மாதம் டிராம் நின்றது.
நிறுத்தியவர்களில் என் அண்ணன் கஸ்பாரும் ஒருவன்.
டிக்கெட் துளைக்கும் கருவியை
மேசையில் வைத்துவிட்டு வந்து
வாசலில் குந்தியிருந்தான்.
அன்றைக்குப் பார்த்து ஐரீனுக்கு நடனம்.
அண்ணன் நிறுத்திய டிராமுக்காக
தண்டவாளத்தின் நடுவிலேயே நடந்தேன்,
வெள்ளி மணிக் கவுணைத் தலையில் வைத்து.
மருதானையில் பொலிஸ். கல். ஓட்டம்.
மூட்டையை மட்டும் விடவில்லை.
ஒரு மணிநேரம் பிந்தியதற்கு
எட்டணா பிடித்தார்கள்.
அண்ணனிடம் சொன்னேன்.
"அதையும் கோரிக்கையில சேர்க்கட்டா?" என்றான்.
அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது
அந்த ஒரு தடவைதான்.

பிறகு ரப்பர் விழுந்தது.
பாண்ட்காரர்களில் பாதிப்பேர் பம்பாய்க்குக் கப்பலேறினார்கள்.
எங்கேயோ பாரிஸில் யாரோ நினைத்து
கவுண் மறுபடி கணுக்காலுக்கு இறங்கியது.
"பழசையெல்லாம் நீட்டித் தா, செலஸ்தீன்."
வெட்டின துணி எப்படி அம்மா நீளும்?
அடியில் வேறு துணி ஒட்டுப்போட்டேன்.
ஒட்டுத் தெரியாமலிருக்க மேலே லேஸ்.

முப்பத்தொன்றில் அதே மிஸிஸ் தம்பிநாயகம்
என் வீட்டு வாசலுக்கே வந்தார்.
கார் நுழையாத ஒழுங்கை; சேற்றில் நடந்து.
கணவருக்குக் கிடைத்த நிறம் ஊதா.
ஊதா ரிப்பன் முந்நூறு முழம் ஓரம் அடிக்க வேண்டுமாம்.
"எல்லாருக்கும் வோட்டு வந்திட்டுதே இப்ப.
மறந்திடாத, ஊதாப் பெட்டி."
கையில் ஒரு சீத்தைத் துண்டு,
மடிப்புக் கலையாமல்.
வாங்கினேன். நல்ல சீத்தை.
வாயில் அன்றைக்கும் ஊசி.
"ம்" என்றேன்.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு திரை.
திரைக்குப் பின்னால் பெட்டிகள்:
ஊதா, சிவப்பு, பச்சை, மஞ்சள்.
பெயர் வாசிக்கத் தெரியாதவர்களுக்காம் நிறம்.
அம்மாடி, நிறத்தையா எனக்குக் காட்டுகிறீர்கள்?
அந்த ஊதா சாயம் போகும்.
பச்சையில் நீலம் கூடிவிட்டது.
சிவப்பு இரண்டு சலவை தாங்கும்.

திரையின் ஓரத்தைக் கோணலாய் அடித்திருந்தார்கள்,
யாரோ அவசரத்தில், நூல்கூட அறுக்காமல்.
குனிந்து பல்லால் கடித்து அறுத்தேன்.
வெளியே கிளாக்கர் கேட்டார்:
"என்ன அம்மா, இன்னும் முடியேல்லையா?"

"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன்,
வாய் திறந்து.